சைரக்யூஸ்: கல்குவாரியும் கவிதையும்

பண்டைக் கிரேக்கத்தின் எச்சங்களைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் ஏதென்ஸ் நகரையே முதலில் நினைப்பர். எனினும் கிரேக்கர் தம் தாயகத்திற்கு வெளியே கடல் கடந்து எழுப்பிய நகரங்களுள், ஏதென்ஸுக்கு நிகராக நின்றதும் ஒருமுறை ஏதென்ஸையே வீழ்த்தியதுமான நகரம் ஒன்று உண்டு. சிசிலித் தீவின் கீழைக் கரையில் அமைந்த சைரக்யூஸ் அது. இத்தாலியர் அதனைச் சிராகூசா என வழங்குவர். இரண்டு மூன்று நாள் தங்கினால் அதன் பழஞ்சின்னங்களுள் பெரும்பகுதியையும் கடலோரத்தையும் நடந்தே கண்டுவிடலாம். யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இந்நகரையும் அருகிலுள்ள பாண்டாலிக்காப் பாறைக் கல்லறைகளையும் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

கவிதையோடு உறவுடையோர்க்கு இந்நகரம் மற்றொரு வகையில் இன்றியமையாதது. ஒரு பாட்டுக்கு உலகம் என்ன விலை தரும் என்னும் கேள்வி இங்குப் பலமுறை எழுந்தது. அரசவை பொன் தந்தது. அதே அரசவை சிறையும் தந்தது. சிறைப்பட்டோர்க்குப் பாட்டே விடுதலை வாங்கிக் கொடுத்தது என்னும் செய்தியும் இவ்வூரைப் பற்றியதே. இவை நிகழ்ந்த இடங்கள் ஒன்றற்கொன்று கூப்பிடு தொலைவில் இருப்பது சைரக்யூஸின் தனிச்சிறப்பு.

தீவும் ஊற்றும்

கி.மு. 734ஆம் ஆண்டளவில் கொரிந்த் நகரிலிருந்து ஆர்க்கியாஸ் என்பவன் தலைமையில் வந்தவர்கள், அங்கு வாழ்ந்த சிசெல் இன மக்களைத் துரத்திவிட்டு ஒரு சிறு தீவில் குடியேறினர். அத்தீவின் பெயர் ஓர்ட்டீஜியா. காடைப் பறவையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு பக்கம் பெருந்துறைமுகம், மறுபக்கம் சிறுதுறைமுகம், நடுவே வற்றாத நன்னீர் ஊற்று என ஒரு நகரம் தோன்றுவதற்குரிய அனைத்தும் அங்கு அமைந்திருந்தன. இன்று பாலங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன.

உப்புக் கடலின் விளிம்பில் நன்னீர் பொங்கும் அந்த ஊற்றுக்கு அரெத்தூசா என்று பெயர். அரெத்தூசா கிரேக்க நாட்டு நீரணங்கு. ஒலிம்பியாவை ஒட்டி ஓடும் ஆல்ஃபியஸ் என்னும் ஆற்றுத் தெய்வம் அவளை விரும்பித் துரத்தினான். ஆர்ட்டெமிஸ் தேவி அவளை நீராக்கிக் காத்தாள். அவள் நிலத்துக்கடியே பாய்ந்து ஓர்ட்டீஜியாவில் வெளிப்பட்டாள். அவனும் கடலுக்கடியே ஓடிவந்து அவளோடு கலந்தான் என்பது புராணம். ஒலிம்பியாவில் ஆற்றில் எறிந்த கிண்ணம் இந்த ஊற்றில் மிதந்து வந்ததாகவும் மக்கள் நம்பினர். நிலநூல் வல்லாராகிய ஸ்ட்ராபோ அதனை நம்ப மறுத்து வாதிட்டிருக்கிறார். ஆயினும் அக்கதையின் உட்பொருளை உணர்வது அரிதன்று. ஊரை விட்டு வந்தவர்கள் புதிய மண்ணில் குடித்த நீரும் பழைய ஊரின் நீர்தான் என்று சொல்லிக்கொள்ள விரும்பினர். பிண்டாரும் வெர்ஜிலும் இவ்வூற்றைத் தம் பாடல்களில் பெயர் சொல்லி அழைத்தனர்.

இன்று அரைவட்டச் சுவருக்குள் அடங்கிய அக்குளத்தில் பாப்பிரஸ் கோரை செழித்து நிற்கிறது. நகருக்கு அருகே சியானே ஆற்றங்கரையிலும் அது வளர்கிறது. பண்டைய உலகின் ஏடு அக்கோரையிலிருந்தே செய்யப்பட்டது. இந்நகரைப் பாடிய சில நூல்கள் அழியாமல் நமக்குக் கிடைத்தமைக்கு அக்கோரையே காரணம் என்பதைப் பின்னர்க் காணலாம்.

சுவருக்குள் நிற்கும் கோயில்

தீவுக்குள் நுழைந்தவுடன் அப்பல்லோ கோயிலின் அடித்தளமும் சில தூண்களும் தென்படும். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அது, சிசிலியின் மிகப் பழைய கற்கோயில்களுள் ஒன்று. கிறித்துவத் திருக்கோயிலாகவும், இசுலாமியத் தொழுகைக் கூடமாகவும், ஸ்பானியப் படைவீடாகவும் பின்னாளில் அது மாறி மாறிப் பயன்பட்டது.

தீவின் நடுவிலுள்ள பேராலயமோ இதனினும் வியப்புக்குரியது. கெலோன் என்னும் ஆட்சியாளன் கி.மு. 480இல் ஹிமேரா என்னுமிடத்தில் கார்த்தேஜியரை வென்ற பின்னர் அதீனாவுக்கு எடுத்த கோயில் அது. நீளப் பக்கத்தில் 14 தூண்களும் அகலப் பக்கத்தில் 6 தூண்களும் கொண்டு விளங்கியது. அதன் தந்தம் பதித்த கதவுகளையும் உள்ளே இருந்த ஓவியங்களையும் வெர்ரெஸ் என்னும் ரோமானிய ஆளுநன் கொள்ளையிட்டதைச் சிசரோ தம் வழக்குரையில் விரிவாகக் கூறுகிறார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் தூண்களின் இடைவெளிகளைச் சுவரால் அடைத்துக் கோயிலைக் கிறித்துவப் பேராலயமாக்கினர். 1693ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் அதன் முகப்பு புதிதாகக் கட்டப்பட்டது. அலங்கார முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், சுவரிலிருந்து பாதி வெளிப்பட்டு நிற்கும் பருத்த டோரிக் தூண்களைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தெய்வம் மாறியும் வழிபாடு நிற்காமையால் அத்தூண்கள் பிழைத்தன.

அரங்கமும் அரசனும்

தீவிலிருந்து வடமேற்கே நடந்தால் நியாப்போலிஸ் எனப்படும் மேட்டுப்பகுதி வரும். அங்கு மலைச்சரிவைக் குடைந்து அமைத்த நாடக அரங்கம் உள்ளது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தோன்றி, மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹியரோன் மன்னனால் விரிவாக்கப்பட்ட இதன் விட்டம் ஏறத்தாழ 138 மீட்டர். நடுவழிச் சுவரில் சியூஸ் கடவுளின் பெயரும், ஹியரோன் மன்னன், பிலிஸ்டிஸ் அரசி ஆகியோர் பெயரும் பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் தம் கோட்டைக்காக மேற்கட்டுமானக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயினர். பாறையோடு பாறையாக இருந்த படிக்கட்டுகளை மட்டும் அவர்களால் எடுத்துச் செல்ல இயலவில்லை.

கெலோனுக்குப் பின் அவன் தம்பி முதலாம் ஹியரோன் கி.மு. 478 முதல் 467 வரை ஆண்டான். கிரேக்க உலகின் பெருங்கவிஞர்கள் பலர் அவன் அவையை நாடி வந்தனர். முதியவராகிய சிமோனிடிஸ் வந்தார். அவர் மருகர் பாக்கிலிடிஸும் பிண்டாரும் அவனைப் பாடினர். கி.மு. 476இல் ஒலிம்பியப் பந்தயத்தில் ஹியரோனின் பெரெனிக்கோஸ் என்னும் குதிரை வென்றபோது, பிண்டார் ஒரு பாடலும் பாக்கிலிடிஸ் ஒரு பாடலும் இயற்றினர். இவ்விருவர் பாடல்களுள் பாக்கிலிடிஸுடையது பன்னூறு ஆண்டுகள் மறைந்து கிடந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுவடியிலிருந்து அவருடைய பாடல்கள் 1897ஆம் ஆண்டில் மீண்டும் பதிப்பிக்கப்பட்டன.

ஈஸ்கிலஸும் ஏதென்ஸிலிருந்து வந்தார். பாரசீகப் போரைப் பற்றிய தம் நாடகத்தை இங்கு மீண்டும் அரங்கேற்றினார் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. ஹியரோனுக்காக அவர் எழுதிய மற்றொரு நாடகமும் உண்டு. எட்னா எரிமலையின் பெயரால் ஹியரோன் ஒரு நகரை நிறுவினான். அந்நகரம் வெற்று நிலத்தில் எழுந்ததன்று. கட்டானா நகர மக்களை அவர்தம் வீடுகளிலிருந்து வெளியேற்றி லியோந்தினிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் இடத்தில் பத்தாயிரம் புதியவர்களைக் குடியமர்த்தி, ஊரின் பெயரையும் மாற்றினான். அப்புதிய குடியிருப்புக்கு மங்கலம் கூறும் முகமாகவே ஈஸ்கிலஸின் நாடகம் எழுந்தது. பிண்டாரும் அந்நகரை வாழ்த்திப் பாடினார். தன் குடிகள் கூடிப் பேசும் இடங்களுக்கெல்லாம் ஹியரோன் ஒட்டுக்கேட்போரை அனுப்பி வைத்தான் என்பது அரிஸ்டாட்டில் தரும் செய்தி.

ஹியரோன் இறந்த அடுத்த ஆண்டே அக்குடும்பத்தின் ஆட்சி கவிழ்ந்தது. சில ஆண்டுகளில் கட்டானா மக்கள் திரும்பி வந்து தம் ஊரையும் பெயரையும் மீட்டுக்கொண்டனர். ஈஸ்கிலஸின் அந்த நாடகம் சில துணுக்குகள் நீங்கலாக அழிந்துபோயிற்று. பிண்டாரின் வாழ்த்து நிலைத்திருக்கிறது. அதனைப் படிப்போர் ஹியரோனின் புகழை அறிவர். விரட்டப்பட்ட கட்டானா மக்களின் துயரை அறிய அவர்கள் வரலாற்றாசிரியனிடம் போக வேண்டியுள்ளது. புரவலன் நிழலில் எழும் கவிதை சொல்வதோடு சொல்லாமல் விடுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

ஏழாயிரம் கைதிகள்

கி.மு. 415ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் ஏதென்ஸ் நாடக விழாவில் யூரிப்பிடிஸின் ‘டிராய் நகரப் பெண்டிர்’ அரங்கேறியது. வீழ்ந்த நகரின் பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படும் துயரைப் பேசும் நாடகம் அது. அதற்குச் சில திங்கள் முன்புதான் ஏதென்ஸ் நகரத்தார் மேலோஸ் தீவை வென்று ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தனர். அவ்விழாவில் யூரிப்பிடிஸுக்கு இரண்டாம் பரிசே கிடைத்தது. அவ்வாண்டுக் கோடையில் ஏதென்ஸும் அதன் நட்பு நாடுகளும் சேர்ந்து 134 போர்க்கப்பல்களைச் சைரக்யூஸ் மீது ஏவின.

இரண்டு ஆண்டுக்காலம் நடந்த முற்றுகை அழிவில் முடிந்தது. துணைப்படையொன்று வந்தும் பயன் விளையவில்லை. கி.மு. 413 ஆகஸ்டு 27 அன்று சந்திர கிரகணம் தோன்றியது. குறி சொல்வோர் பேச்சைக் கேட்ட தளபதி நிசியாஸ், பின்வாங்குவதை மும்முறை ஒன்பது நாள் தள்ளிவைக்க முடிவு செய்தான். அதற்குள் சைரக்யூஸ் நகரத்தார் பெருந்துறைமுகத்தின் வாயிலைக் கலங்களால் அடைத்துவிட்டனர். துறைமுகப் போரில் கப்பல்களை இழந்த படை தரைவழியே தெற்கு நோக்கி நடந்தது. அசினாரோஸ் ஆற்றங்கரையில் தாகம் தாங்காத வீரர்கள், தோழரின் குருதி கலந்த சேற்றுநீரைக் குடிக்க ஒருவரையொருவர் நெரித்துக்கொண்டு விழுந்ததை துசிடிடிஸ் எழுதியிருப்பது போர் இலக்கியத்தின் கொடிய பக்கங்களுள் ஒன்று.

பிடிபட்டோர் ஏழாயிரத்துக்குக் குறையாது என்பது அவர் கணக்கு. அவர்கள் நகரின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டனர். கோயிலுக்கும் மதிலுக்கும் கல் வெட்டியெடுத்ததால் உண்டான ஆழ்ந்த குழிகள் அவை. மேலே கூரை இல்லை. பகலில் வெயிலும் இரவில் இலையுதிர்காலக் குளிரும் அவர்களை வாட்டின. இறந்தோர் உடல்கள் அங்கேயே குவிந்தன. எட்டு மாதங்கள் நாளொன்றுக்கு ஆளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரும், அதைப்போல் இருமடங்கு தானியமுமே வழங்கப்பட்டன. எழுபது நாள்களுக்குப் பின் பலர் அடிமைகளாக விற்கப்பட, ஏதென்ஸ் நகரத்தாரும் அவர்களுடன் சேர்ந்து போரிட்ட சிசிலி, இத்தாலிக் கிரேக்கரும் குழிக்குள்ளேயே வைக்கப்பட்டனர்.

துசிடிடிஸ் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புளூட்டார்க் மேலும் ஒரு செய்தி கூறுகிறார். தாயகத்துக்கு வெளியே வாழ்ந்த கிரேக்கருள் சிசிலி மக்களே யூரிப்பிடிஸின் பாடல்கள்மீது பெருவேட்கை கொண்டிருந்தனர். கப்பலில் வருவோரிடம் ஒரு சில வரிகளைக் கேட்டறிந்து மனப்பாடம் செய்து பகிர்ந்துகொள்வர். கைதிகளுள் யூரிப்பிடிஸின் பாடல்களை நினைவில் வைத்திருந்தவர்கள் அவற்றைத் தம் எசமானர்க்குக் கற்பித்து விடுதலை பெற்றனர். போருக்குப் பின் திக்கற்று அலைந்தவர்கள் அவர் பாடல்களைப் பாடி உணவும் நீரும் பெற்றனர். அவர்கள் ஏதென்ஸ் திரும்பியதும் முதியவராகிய யூரிப்பிடிஸைத் தேடிச் சென்று நன்றி கூறினர் என்பது புளூட்டார்க்கின் கூற்று.

உடன்காலத்தவராகிய துசிடிடிஸ் கூறாத இச்செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான ஐயமே. புளூட்டார்க்குக்கு முன்பே இச்செய்தி வழங்கியது என்பதற்குச் சான்று உண்டு. சாட்டிரஸ் என்பவர் எழுதிய யூரிப்பிடிஸ் வாழ்க்கை வரலாற்றின் பகுதியொன்று எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் பாப்பிரஸ் சுவடியாகக் கிடைத்து 1912இல் வெளியாயிற்று. கைதிகள் தம்மைச் சிறைவைத்தோரின் மக்களுக்கு யூரிப்பிடிஸின் வரிகளைக் கற்பித்த செய்தி அதிலும் காணப்படுகிறது. விடுபட்டோர் எத்தனை பேர் என்று எவரும் கூறவில்லை. ஏழாயிரவருள் ஒரு சிலராகவே இருந்திருக்கக் கூடும். ஏனையோர்க்குக் கவிதை உதவவில்லை. இதனை மறந்து இக்கதையைக் கவிதையின் வெற்றியாக மட்டும் கொண்டாடுவது அக்குழியில் மாண்டவர்க்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆயினும் இதில் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. யூரிப்பிடிஸ் போரின் வெறியைக் கண்டு அஞ்சிய கவிஞர். அவருடைய ஊரார் அவர் சொல்லைக் கேட்டுப் படையெடுப்பை நிறுத்தவில்லை. படையெடுத்துச் சென்றவர் சிலரின் உயிரைப் பகைவர் நாட்டில் அவர் சொல்தான் காத்தது. அச்சொல் அவர்கள் கையில் ஏடாக இருந்ததில்லை. ஆடையும் படைக்கலமும் பறிபோன பின்னும் பறிக்க முடியாத இடத்தில், நெஞ்சில், இருந்தது.

கொடுங்கோலனின் செவி

அரங்கத்தை ஒட்டியே சொர்க்கக் கல்குவாரி எனப்படும் பள்ளம் உள்ளது. இன்று அங்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துக் குலுங்குகின்றன. ஏதென்ஸ் கைதிகள் கப்பூச்சின் துறவியர் மடத்தருகே உள்ள மற்றொரு குவாரியில் அடைபட்டிருந்தனர் என்பது மரபு. சொர்க்கக் குவாரியில் காண்போரை ஈர்ப்பது 23 மீட்டர் உயரமும் 65 மீட்டர் ஆழமும் கொண்ட வளைந்த குகை. 1608ஆம் ஆண்டில் இங்கு வந்த ஓவியர் காரவாஜியோ அதற்கு ‘டயோனீசியஸின் செவி’ எனப் பெயரிட்டார். குகைக்குள் மெல்லப் பேசினாலும் எதிரொலி பெருகும்; கைதிகள் பேசுவதை மேலிருந்து டயோனீசியஸ் ஒட்டுக்கேட்டான் என்னும் கதை அப்பெயரோடு பரவியது.

கி.மு. 405 முதல் 367 வரை ஆண்ட முதலாம் டயோனீசியஸுக்குக் கவிஞன் எனப் பெயர்பெற வேண்டும் என்னும் பேராசை இருந்தது. ஒலிம்பியாவுக்குப் பொன்னிழை பின்னிய கூடாரங்களோடு தேர்ந்த பாடகரை அனுப்பித் தன் கவிதைகளை ஓதச் செய்தான். கூட்டம் எள்ளி நகையாடியது. அவன் அவையில் சித்தேரா தீவினராகிய பிலோக்சினஸ் என்னும் கவிஞர் இருந்தார். மன்னன் தன் கவிதையைப் படித்துக் கருத்துக் கேட்டான். கவிஞர் உள்ளதை உரைத்தார். உடனே கல்குவாரிக்கு அனுப்பப்பட்டார். நண்பர்கள் மன்றாடியதால் மறுநாள் மீட்டு வரப்பட்டார். விருந்தில் மன்னன் மீண்டும் படித்துக் கருத்துக் கேட்டபோது, பிலோக்சினஸ் காவலர் பக்கம் திரும்பித் தம்மைக் குவாரிக்கே கொண்டுபோகுமாறு கூறினார் என்று டயோடோரஸ் எழுதுகிறார். அம்முறை மன்னனும் சிரித்துவிட்டான் என்பது அவர் தரும் முடிவு.

பிலோக்சினஸ் குவாரிக் குகையில் இருந்தபோதே, ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸ் காதலிக்கும் கதையைப் பாடினார் என மற்றொரு மரபு உண்டு. அரக்கன் என்றது அரசனையே என்று பழைய உரைகாரர் பொருள் கொண்டனர். டயோனீசியஸுக்குக் கி.மு. 367இல் ஏதென்ஸ் விழாவொன்றில் நாடகப் பரிசும் கிடைத்தது. அவ்வெற்றியைக் கொண்டாடிய களியாட்டமே அவன் உயிரைக் குடித்தது என்பர். அவன் எழுதியவை இன்று சில துணுக்குகளே. பிலோக்சினஸின் பாடலும் அழிந்தது. ஆனால் காதலால் உருகும் அரக்கன் அழியவில்லை. அடுத்த நூற்றாண்டில் சைரக்யூஸிலேயே பிறந்த தியோக்ரிட்டஸ் அவனை மீண்டும் பாடினார். ஆயர் வாழ்வைப் பாடும் கவிதை மரபு தியோக்ரிட்டஸிடம் தோன்றி வெர்ஜில் வழியே ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

கல்லறையைக் காட்டிய பாட்டு

கி.மு. 212இல் மார்செல்லஸ் தலைமையில் ரோமானியப் படை நகரைக் கைப்பற்றியபோது ஆர்க்கிமிடிஸ் ஒரு வீரனின் வாளுக்கு இரையானார். தம் கல்லறைமேல் உருளைக்குள் அடங்கிய கோளத்தின் வடிவைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கோளத்தின் கன அளவு அதனைச் சூழும் உருளையின் கன அளவில் மூன்றில் இரு பங்கு என்னும் தம் கண்டுபிடிப்பை அவர் அத்துணைப் பெரிதாக மதித்தார்.

137 ஆண்டுகள் கழித்து, கி.மு. 75இல், சிசரோ இளம் அதிகாரியாகச் சிசிலிக்கு வந்தார். ஆர்க்கிமிடிஸின் கல்லறை எங்கே என்று உசாவினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நகரத்தார் கூறினர். சிசரோவுக்கோ அக்கல்லறையில் வெட்டப்பட்டிருந்த சில செய்யுள் வரிகள் நினைவில் இருந்தன. கோளமும் உருளையும் அங்கு இருப்பதை அவை கூறின. நகர வாயிலருகே முட்புதர்களுக்கு மேலாகத் தலைகாட்டிய ஒரு சிறு தூணில் அவ்வடிவத்தைக் கண்டார். ஆட்களை விட்டுப் புதரை வெட்டச் செய்தார். அடிப்பீடத்தில் அச்செய்யுள் இருந்தது. வரிகளின் பின்பாதி தேய்ந்திருந்தது. சொந்த ஊர் மறந்துவிட்ட ஒருவரை வேற்றூரான் நினைவில் சுமந்துவந்த செய்யுள் கண்டுபிடித்துக் கொடுத்தது. அக்கல்லறை பின்னர் மீண்டும் தொலைந்தது. இன்று அவர் பெயரால் பயணிகளுக்குக் காட்டப்படுவது ரோமானியர் காலத்து வேறொரு கல்லறை.

பிரிந்தவர் பாடிய ஊர்

கி.பி. 878இல் நகரம் அரேபியர் வசமாயிற்று. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நார்மானியர் சிசிலியைக் கைப்பற்றிவந்தபோது இப்னு ஹம்தீஸ் என்னும் அரபுக் கவிஞர் தீவை விட்டு வெளியேறி ஸ்பெயினுக்குச் சென்றார். அவர் சைரக்யூஸில் பிறந்தவராகக் கருதப்படுகிறார். 1133இல் இறக்கும்வரை, திரும்ப இயலாத தம் சிசிலியை எண்ணி எண்ணிப் பாடினார். கிரேக்கர் தாயகத்து நீரைத் தேடிய அரெத்தூசாவின் ஊரை, மற்றொரு மொழிக் கவிஞர் தம் தாயகமாகக் கருதி ஏங்கினார்.

இந்நாளில் தெற்குக் கடலோரம் விடுமுறைப் பயணிகளால் நிறைந்திருக்கிறது. அவர்கள் நீராடும் கரையை ஒட்டித்தான் நிசியாஸின் படை தாகத்தோடு நடந்தது. அதே கடற்கரைகளில் 1943 ஜூலை 10 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கின. அன்றே சைரக்யூஸ் பிரித்தானியர் கைக்கு வந்தது. பெருந்துறைமுகத்துக்கு எதிரே தெரியும் நிலமுனை, ஏதென்ஸ் படை கோட்டை கட்டியிருந்த பிளெம்மிரியோன்.

பாறை அரங்கில் 1914ஆம் ஆண்டு ஈஸ்கிலஸின் ‘அகமெம்னோன்’ நாடகத்தோடு பண்டைய நாடகங்கள் மீண்டும் நடிக்கப்படலாயின. இடையில் போர்களால் தடைப்பட்டபோதிலும் அம்மரபு இன்றும் தொடர்கிறது. 2019இல் அங்கு யூரிப்பிடிஸின் ‘டிராய் நகரப் பெண்டிர்’ நடிக்கப்பட்டது. படையெடுத்தவர்களின் ஊரில் இரண்டாம் பரிசு பெற்ற நாடகத்தை, படையெடுப்புக்கு ஆளான ஊரில் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அவர்கள் அமர்ந்திருந்த படிக்கட்டும், சில அடி தொலைவிலுள்ள குவாரியும் ஒரே பாறையில் வெட்டப்பட்டவை.